அங்கோருக்குக் குழுவாகப் புறப்படுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயணிகளுக்கு,



கம்போடியாவில் மழை ஓய்ந்து வெயில் இன்னும் கடுமையாகாத நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தமிழ்நாட்டிலிருந்து அங்கோர் கோயில்களைப் பார்க்கச் சியம் ரீப் நகருக்குக் குழு குழுவாகப் போகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், திருமுறை வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள், கோயில் கட்டடக்கலையில் நாட்டமுள்ள இளைஞர்கள், பிள்ளைகள் சீட்டெடுத்துக் கொடுத்து முதன்முறையாகக் கடல் தாண்டும் அம்மாக்கள் என்று எல்லோரும் அந்தக் குழுக்களில் உண்டு. அப்படிப்பட்ட குழுக்களோடு போனவன் நான். மற்றக் குழுக்களை அங்கே ஒதுங்கி நின்று கவனித்தும் இருக்கிறேன். நெடுநாளாக மனத்தில் கிடந்த சிலவற்றை, நீங்கள் பெட்டி கட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

எல்லாக் குழுக்களின் வாட்ஸ்அப்பிலும் தவறாமல் வரும் ஒரு செய்தி உண்டு. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் ஒரு தமிழன், சோழர்களின் உறவினன், இந்த உண்மையை உலகம் மறைத்துவிட்டது என்று அது சொல்லும். இது உண்மையில்லை. அந்தக் கோயில்களைக் கட்டியவர்கள் கம்போடியாவின் கெமர் மக்கள். கட்டளையிட்ட மன்னர்கள் கெமர்கள், கல் சுமந்தவர்கள் கெமர்கள், செதுக்கியவர்களும் கெமர்கள். இதைச் சொல்ல யாருடைய ஊகமும் வேண்டியதில்லை. அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் வடமொழிச் செய்யுள் பகுதி நம் மெய்க்கீர்த்திகளைப் போல மன்னனையும் தெய்வத்தையும் புகழும். அடுத்து வரும் கெமர் உரைநடைப் பகுதி நிலத்தின் எல்லை, நெல்லின் அளவு, கோயிலுக்கு விடப்பட்ட பணியாளரின் பெயர்கள் என்று ஊர்க்கணக்கு பேசும். கெமர் மொழியில் ஆண்டு குறித்துக் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டு 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

காலத்தை வைத்துப் பார்த்தாலும் அந்தச் செய்தி நிற்காது. இரண்டாம் ஜெயவர்மன் குலேன் மலையில் தன்னைப் பேரரசனாக அறிவித்துச் சடங்கு நடத்தியதைப் பிற்காலத்து ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு சொல்கிறது; அது நடந்தது 802இல் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதலாம் இந்திரவர்மன், பாகோங் என்ற படிப்படியான கல் மலைக்கோயிலில் லிங்கத்தைப் பிரதிட்டை செய்தது 881இல். விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றி அப்போது ஏறத்தாழ முப்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இன்னும் நூற்று முப்பது ஆண்டு இருந்தது. சோழர்கள் கல்லில் பெருங்கோயில் கட்டும் முன்பே கெமர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வர்மன் என்ற பெயரை ஆதாரமாகக் காட்டுவார்கள். ராஜராஜன், ராஜேந்திரன், குலோத்துங்கன் எல்லாமே வடமொழிப் பெயர்கள்தாம். அதற்காக அவர்களை வடநாட்டார் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு அவர்கள் தங்கள் மொழியை எழுதினார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கோரைப் பார்த்த ஐரோப்பியர் சிலர், இந்த மக்களின் முன்னோர் இதைக் கட்டியிருக்க முடியாது என்றே எழுதினார்கள். பின்னர் 1926இல் கல்கத்தாவில் தொடங்கிய பேரிந்தியக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் தென்கிழக்காசியாவை இந்தியாவின் பண்பாட்டுக் குடியேற்றமாகவே பார்த்தார்கள். இன்று அதே வரிசையில் நாம் போய் நிற்கிறோம். கெமர் வழிகாட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே, “இதெல்லாம் எங்க ஆளுங்க கட்டுனது” என்று அவர் முன்னாலேயே ஆங்கிலத்தில் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் புன்னகையோடு தலையாட்டிவிட்டு அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்துவிடுவார். அவருடைய நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பது அங்கோர் வாட். விருந்தினராகப் போன வீட்டில் பேசக்கூடாத பேச்சு அது.

சரி, தமிழருக்கும் அந்தக் கோயில்களுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. வாட்ஸ்அப் கதையைவிட அது எவ்வளவோ நுட்பமானது. காம்போஜ மன்னன், அதாவது கெமர் மன்னன், தன் நாட்டைக் காத்துக்கொள்ள வேண்டி ராஜேந்திர சோழனுக்கு ஒரு தேரை அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு குறிக்கிறது. அந்த மன்னன் முதலாம் சூரியவர்மன் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சிதம்பரத்தில் 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, காம்போஜ மன்னன் குலோத்துங்கனுக்குக் காட்சியாக அனுப்பிய ஒரு கல்லைக் கோயிலில் சன்னதி முன் பதித்ததைப் பதிவு செய்கிறது. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறியது 1113இல். இரண்டு அரசுகள் ஒன்றையொன்று அறிந்து, தூது அனுப்பி, மதித்து நடந்துகொண்டதன் தடம் இது. ஒருவரை ஒருவர் ஆண்டதற்கான தடம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விட அருமையான தொடர்பு பந்தியாய் ஸ்ரெய் கோயிலில் இருக்கிறது. அங்கோரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பெரும்பாலான குழுக்களின் நிரலில் இது இருப்பதில்லை, இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். உங்கள் நிரலில் இல்லையென்றால் அமைப்பாளரிடம் சண்டை போட்டாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

967இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. கட்டியவர் மன்னர் அல்லர். யக்ஞவராகர் என்ற அறிஞர், அரச குலத்துப் பெண்வழிப் பேரர், பின்னாளில் மன்னனான ஐந்தாம் ஜெயவர்மனின் ஆசிரியர். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் உதவியவர் என்று கல்வெட்டு அவரைப் போற்றுகிறது. அளவில் சிறிய கோயில். கருவறை வாயில்களுக்குள் ஆள் குனிந்துதான் போக முடியும், இப்போது அங்கே நம்மை விடுவதில்லை. ஆனால் இளஞ்சிவப்பு மணற்கல்லில் அவ்வளவு ஆழமான, அவ்வளவு நுணுக்கமான செதுக்கு வேலையை வேறெந்தக் கெமர் கோயிலிலும் நான் கண்டதில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது பூவேலையின் ஒவ்வொரு இதழுக்கும் தனித்தனி நிழல் தெரியும். இராவணன் கயிலையை அசைக்கிறான், விலங்குகள் மிரள்கின்றன, பார்வதி சிவனைப் பற்றிக்கொள்கிறாள். இன்னொரு முகப்பில் தவத்திலிருக்கும் சிவன் மீது காமன் கணை தொடுக்கிறான். வேறொன்றில் காண்டவ வனத்தின் மேல் இந்திரன் பொழியும் மழை வரிவரியாக விழுகிறது. வாலியும் சுக்கிரீவனும் கட்டிப் புரள, இராமன் வில்லோடு நிற்கிறான்.

கிழக்கு வாயில் கோபுரத்தின் நெற்றியில் பல கைகளோடு சிவன் ஆடுகிறான். அவன் காலடியில் ஒரு பக்கம் பாருங்கள். ஒட்டிய வயிறும் வற்றித் தொங்கும் மார்புமாக, எலும்பும் தோலுமாய் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். இவள் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர் பலர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். திருவாலங்காட்டில் இறைவன் ஆடலின் கீழே பேயுருவோடு இருக்க விரும்பிய நம் அம்மை, சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் முன்பே, கெமர் நாட்டுக் காட்டுக்கு நடுவே கல்லில் இடம்பெற்றுவிட்டாள். படை போகாமல், கப்பம் கேட்காமல், ஒரு பக்தையின் கதை மட்டும் கடல் கடந்து போயிருக்கிறது. அதைக் கேட்ட ஒரு கெமர் சிற்பி தன் கையால் தன் பாணியில் அவளை வடித்திருக்கிறான். நான் அதன் முன்னால் நின்றபோது என்னுடன் வந்திருந்த பெரியவர் ஒருவர் கைகூப்பினார், கண் கலங்கினார். நமக்குப் பெருமை வேண்டுமென்றால் இந்தப் பெருமை போதாதா?

அங்கோர் வாட்டுக்கு வருவோம். சூரிய உதயத்தைப் பார்க்க விடியுமுன் எழுப்பி அழைத்துப் போவார்கள். பாருங்கள், அழகுதான். ஆனால் உதயம் முடிந்ததும் படம் எடுத்துவிட்டுக் காலை உணவுக்கு ஓடும் கூட்டத்தோடு ஓடிவிடாதீர்கள். எல்லோரும் வெளியேறும் அந்த நேரம்தான் உள்ளே போக நல்ல நேரம். கோயில் மேற்கு நோக்கியது. கீழ்த் திருச்சுற்றில் நான்கு பக்கமும் ஓடும் புடைப்புச் சிற்பங்களை இடமாக, அதாவது நாம் கோயிலில் வலம்வரும் திசைக்கு எதிராக, வைத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனவே மேற்குச் சுற்றின் வடபாதியில் உள்ள இலங்கைப் போரை ஒதுக்கி வைத்துவிட்டுத் தென்பாதியில் உள்ள குருச்சேத்திரத்திலிருந்து தொடங்குங்கள். அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடப்பதைக் கண்டுபிடித்துக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். தென்புறச் சுவரில் இரண்டாம் சூரியவர்மன் குடைகளுக்கும் விசிறிகளுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறான். அவன் முன் அணிவகுக்கும் தளபதிகளின் பெயர்கள் சிறு எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளன. மன்னன் யார், அவனோடு நின்றவர்கள் யார் என்று அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது. அதற்கு அடுத்தது எமலோகம். எமன் எருமை மேல் இருக்க, சித்திரகுப்தன் கணக்கைப் பார்த்துப் பாவிகளைக் கீழே தள்ளச் சொல்கிறான். எந்தப் பாவத்துக்கு எந்த நரகம் என்றும் கல்லில் எழுதியிருக்கிறது.

கிழக்குச் சுவரில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். வாசுகியை அசுரர் ஒருபுறமும் தேவர் மறுபுறமும் இழுக்க, நடுவில் திருமால். மேலே அப்சரசுகள், கீழே மத்தின் சுழற்சியில் துண்டு துண்டாகும் மீன்களும் முதலைகளும். இந்தக் கதையை நாம் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். வேறெந்த நாட்டுப் பயணிக்கும் கிடைக்காத வசதி நமக்கு உண்டு: பலகையைப் படிக்காமலே சிற்பத்தைப் படிக்க முடியும். இந்த வசதியைப் பயன்படுத்துங்கள். நமக்குத் தெரிந்த கதையிலிருந்து அவர்கள் எங்கே விலகுகிறார்கள், எதைப் பெரிதாக்கினார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். கெமர் மனம் வேலை செய்வது அந்த விலகல்களில்தான் தெரியும்.

தா ப்ரோமில் மரவேர் சுற்றிய வாயிலின் முன் வரிசையில் நின்று படம் எடுப்பார்கள். எடுங்கள். அதோடு அந்தக் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக எழுப்பிய பௌத்தக் கோயில் அது. உள்ளே வாழ்ந்தவர்கள் 12,640 பேர், அவர்களில் நடனப் பெண்கள் 615 பேர். அவர்களையும் சேர்த்துக் கோயிலுக்கு உழைத்தவர்கள் 79,365 பேர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலைப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் விளங்கும்.

பாயோன் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். கோபுரமெங்கும் உள்ள பெரிய முகங்களைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறிவிடுகிறார்கள். என் வேண்டுகோள், முதலில் கீழே வெளிச்சுற்றின் தென்புறச் சுவருக்குப் போங்கள். அண்டை நாட்டுச் சாம் படையோடு நடந்த படகுப் போரின் அடியில், ஆற்றங்கரை வாழ்க்கை முழுவதும் அங்கே இருக்கிறது. மீன் விற்கும் பெண், தராசு பிடிக்கும் பெண், சேவற்சண்டைக்குப் பணம் கட்டும் ஆண்கள், அடுப்பில் அண்டா ஏற்றிச் சமைப்பவர்கள், பிள்ளை பெறும் தாய், கொண்டை போட்ட சீன வணிகர்கள், பேன் பார்க்கும் ஒருத்தி. தெய்வக் கதைகளை விட்டு இறங்கி, தன் அண்டை வீட்டாரைக் கல்லில் வடித்துவைக்க எந்தச் சிற்பிக்கோ அனுமதி கிடைத்திருக்கிறது. நம் பெருங்கோயில்களிலும் இப்படிப்பட்ட காட்சிகள் உண்டு, ஆனால் தூணில் ஒன்று, மூலையில் ஒன்று என்று தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே அது ஒரு சுவர் நீளத்துக்கு ஓடுகிறது.

1296இல் அங்கோருக்கு வந்து ஓராண்டு போலத் தங்கிய சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சோ தாகுவான், இந்த நாட்டில் வணிகத்தைப் பெண்களே நடத்துகிறார்கள், காலையில் தொடங்கி நண்பகலில் முடியும் சந்தையில் பாய் விரித்துக் கடை போடுகிறார்கள், இடத்துக்கு வாடகை கட்டுகிறார்கள் என்று எழுதிவைத்தார். சுவரைப் பார்த்துவிட்டு அன்று பிற்பகலோ மறுநாள் காலையிலோ சியம் ரீப் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். தராசுக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

கோயில்கள் மட்டும் நிற்பதால் அங்கே கோயில் மட்டும்தான் இருந்தது என்று நினைத்துவிடக்கூடாது. வீடுகளும், அரண்மனையும்கூட, மரத்தால் ஆனவை, எல்லாம் மக்கிப்போயின. 2012இல் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சிச் செய்த அளவீட்டில், காட்டுக்கடியில் தெருக்களும் குளங்களும் மனைகளுமாக நகரம் வெளிப்பட்டது. மேற்கு பாராய் ஏரி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இன்றும் தண்ணீர் நிற்கிறது. வீராணம் கரையில் நடந்தவர்கள் அந்தக் கரையிலும் சற்று நேரம் நின்று வரலாம்.

அடுத்து, நடத்தை பற்றி. அங்கோர் வாட் கைவிடப்பட்ட கோயில் அல்ல. தலைநகர் தெற்கே போன பிறகும் பௌத்தத் துறவிகள் அங்கே இருந்தார்கள். 1632இல் வழிபட வந்த ஜப்பானியர் ஒருவர் தூணில் எழுதிய எழுத்தை இன்றும் காணலாம். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூஓ அதைக் “கண்டுபிடித்தார்” என்று சொல்லப்படுவதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பு அது. மேற்கு வாயிலில் எட்டுக் கைகளோடு நிற்கும் திருமாலை உள்ளூர் மக்கள் தா ரீச் என்ற காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். ஊதுபத்தியும் பூவும் பழமும் வைக்கிறார்கள். அங்கே நாமும் கைகூப்பலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் சில குழுக்கள் கருவறைகளில் சூடம் ஏற்றுவதையும், லிங்க பீடங்களில் எண்ணெய் ஊற்றிக் குங்குமம் அப்புவதையும் கண்டு வருந்தியிருக்கிறேன். மணற்கல் எண்ணெயைக் குடித்துவிடும். கரி படிந்தால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். பக்தியால் செய்தாலும் அது சேதமே. பதிகம் பாட ஆசையா, மெல்லப் பாடுங்கள், அருகில் துறவி ஒருவர் தியானத்தில் இருக்கக்கூடும். தேவதைச் சிற்பங்களைத் தொடாதீர்கள். ஆயிரத்தெழுநூற்றுக்கும் மேற்பட்ட தேவதைகள் அங்கோர் வாட் சுவர்களில் இருக்கிறார்கள். கை எட்டும் உயரத்தில் இருப்பவர்களின் மார்பு மட்டும் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பு நம் எல்லோருக்குமே வெட்கக்கேடு.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், இல்லையென்றால் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள். பௌத்த நோன்பு நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும். படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை “இவ்வளவு தூரம் வந்துட்டு ஏறலைன்னா எப்படி” என்று வற்புறுத்தாதீர்கள். கீழ்ச்சுற்றின் நிழலில் உட்கார்ந்து சிற்பம் பார்ப்பவர்களுக்கு எதுவும் குறைந்துவிடாது.

பழம்பொருள் என்று யார் எதை விற்க வந்தாலும் வாங்காதீர்கள். இந்த நாடு கொள்ளைபோன வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சராகவே ஆன ஆந்திரே மால்ரோ, 1923இல் பந்தியாய் ஸ்ரெய் தேவதைகளை அறுத்தெடுத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கோ கெர் கோயில்களிலிருந்து, பீமனும் துரியோதனனும் மோதும் மாபெரும் சிலைத் தொகுதியைப் பாதத்துக்கு மேலே வெட்டிக் கடத்தினார்கள். பாதங்கள் மட்டும் பீடத்தில் நின்றன. துரியோதனனும் பீமனும் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது 2014இல். அதே ஆண்டில்தான் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து நமக்குத் திரும்பக் கிடைத்தார். புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வாய்ப்பிருந்தால் அந்த இரண்டு வீரர்களையும் பார்க்காமல் வராதீர்கள். சாமி திருடுபோன ஊர்க்காரர்களுக்கு அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

உங்களுக்கு வரும் வழிகாட்டியைப் பற்றி ஒன்று. 1975 முதல் 1979 தொடக்கம் வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசிரியர்கள், துறவிகள், அரண்மனை நடனக் கலைஞர்கள் என்று கலையையும் கல்வியையும் சுமந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். பாப்புவோன் கோயிலைச் செப்பனிடப் பிரித்து அடுக்கியிருந்த ஏறத்தாழ மூன்று லட்சம் கற்களுக்கான குறிப்பேடுகள் அந்தக் கலவரத்தில் அழிந்தன. எந்தக் கல் எங்கே என்று தெரியாமல் மறுபடி ஒவ்வொன்றாகப் பொருத்தி 2011இல்தான் வேலை முடிந்தது. போர் முற்றிலும் ஓயாத 1986லிருந்து 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் பணி செய்தது. அன்று வேறு பல நாடுகள் வரத் தயங்கின. பயன்படுத்திய வேதிப்பொருள்கள் பற்றிய விமர்சனமும் பின்னர் எழுந்தது. தா ப்ரோமில் இந்தியக் குழு செய்த வேலையை இப்போதும் காணலாம். இவ்வளவுக்கும் பிறகு, தங்கள் வரலாற்றைத் தாங்களே படித்து, தேர்வெழுதி, உரிமம் பெற்று நம்முன் நிற்கிறார்கள் இந்த வழிகாட்டிகள். பலருடைய குடும்பத்தில் அந்த நான்காண்டின் காயம் இருக்கும். தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் காது கொடுங்கள். அவர்கள் சொல்லும் இராமாயணம் நம் இராமாயணத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்தாதீர்கள். ரியம்கெர் என்பது அவர்களுடைய இராமகாதை.

சில நடைமுறை விஷயங்கள். ஒரு நாள் நுழைவுச்சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. ஒரே நாளில் ஏழெட்டுக் கோயில் பார்க்கும் நிரலை ஒப்புக்கொள்ளாதீர்கள், மூன்று நாள் சீட்டே எடுங்கள். சீட்டுப் பணத்தில் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. சைவச் சாப்பாடு கேட்கும்போது மீன்சாறும் புரஹோக் என்ற நொதித்த மீன் விழுதும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பந்தியாய் ஸ்ரெய் போகும் வழியில் பிரியா டாக் கிராமத்தில் பனஞ்சாறு காய்ச்சி வெல்லம் செய்வார்கள். பனை கம்போடியாவின் தேசிய மரம். அதே பனைதான் நம் மாநில மரம். பனையோலையில் கட்டித் தரும் வெல்லத்தை வாங்கி வாருங்கள், அந்தப் பணம் நேராக அந்தக் குடும்பத்துக்குப் போகும். கோயில் வாசலில் அஞ்சலட்டை விற்கும் சிறு பிள்ளைகளிடம் மட்டும் வாங்காதீர்கள். விற்பனை நன்றாக நடந்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாது. தாய்லாந்து எல்லையில் மலை உச்சியில் உள்ள ப்ரியா விகியர் பார்க்கும் எண்ணமிருந்தால் நிலைமையை நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் அந்த எல்லையில் இரு நாட்டுப் படைகளும் மோதின.

கடைசியாக, குழுக்களை அழைத்துச் செல்லும் அமைப்பாளர்களுக்கு. உங்கள் நிரல் தாளில் “தமிழர் கட்டிய கோயில்கள்” என்று தலைப்புப் போடாதீர்கள். கட்டியவர்களின் பெயர்கள் கல்வெட்டிலேயே இருக்கின்றன: இந்திரவர்மன், யக்ஞவராகர், இரண்டாம் சூரியவர்மன், ஏழாம் ஜெயவர்மன். அந்தப் பெயர்களை அச்சிடுங்கள். இங்கிருந்தே பேச்சாளரை அழைத்துப் போனாலும் உள்ளூர் வழிகாட்டியை ஓரமாக நிறுத்திவைக்காமல் அவருக்குப் பேச இடம் கொடுங்கள். கடைத்தெருவுக்கு ஒதுக்கும் ஒரு பிற்பகலை விட்டுவிட்டு, பந்தியாய் ஸ்ரெய்க்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள். அடுத்த பருவத்து நிரலை இப்போதுதான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து இந்த மூன்றையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் அங்கே போய்வந்த ஒருவன்